நானா வரும் நாளில் ஆறு தெளியும்

தைப்பிங்,
14 ஜூன் 1935

அன்புத் தங்கை நூர்ஜானுக்கு நானா ஜபருல்லா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நான் சுகம். நீயும் சுலைமான் மச்சானும் சுகமாயிருக்க துஆச் செய்கிறேன். உன் முழங்கை வலி குறைந்ததா? தைலம் தீர்ந்திருந்தால் சொல், அனுப்பி வைக்கிறேன்.

இனி மாதம் ஒரு தடவை உன்னைப் பார்க்கப் போகிறேன். உங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஆற்றின் தண்ணீரைச் சோதிக்கச் சொல்லி எங்கள் ஆப்பீசுக்கு உத்தரவு வந்திருக்கிறது. ஆறு கடலில் சேரும் இடத்தில் மீன் செத்து மிதக்கிறது, கிணற்றுத் தண்ணீரும் நாறுகிறது என்று கரையோரக் கம்போங் கிராமத்து மக்கள் மனுக் கொடுத்தார்களாம். மேலே காய்கறித் தோட்டமும் பன்றிக் கொட்டகையும் இருக்கிற இடத்தில் ஒரு போத்தல், மச்சான் ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருக்கும் ரப்பர் ஆலையின் வாய்க்கால் ஆற்றில் விழும் இடத்தில் ஒரு போத்தல், கடல் முகத்தில் ஒரு போத்தல் எடுக்க வேண்டும். பெட்டியில் ஐஸ் போட்டு இங்கே கொண்டுவந்து, தண்ணீரில் எவ்வளவு காற்று கரைந்திருக்கிறது என்று பார்ப்போம். அழுக்கு கூடினால் காற்று குறையும், காற்று குறைந்தால் மீன் சாகும். விஷயம் அவ்வளவுதான்.

இதை மாதாமாதம் விடாமல் செய்ய வேண்டும் என்கிறார் துரை. ஒரு நாள் தண்ணீரை வைத்து ஆற்றைப் பற்றிச் சொல்வது, ஒரு நாள் முகத்தைப் பார்த்துப் பெண் பேசி முடிப்பது மாதிரி.

வரும் தேதியை எழுதட்டுமா, இல்லை திடீரென்று வந்து நின்று உன் சமையலையும் சோதிக்கட்டுமா? கடைச் சோறு தின்று என் நாக்கு செத்துவிட்டது. மச்சானுக்கு என் ஸலாம்.

உன் நானா,
ஜபருல்லா


ஜெலுத்தோங்,
23 ஜூன் 1935

என் அருமை நானா அவர்களுக்கு நூர்ஜான் ஸலாம். நாங்கள் சுகம். முழங்கை வலி அப்படியேதான் இருக்கிறது, அதற்கும் எனக்கும் பழகிவிட்டது. நீங்கள் தலைக்கு எண்ணெய் வைக்கிறீர்களா? போன தடவை பார்த்தபோது கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது.

திடீரென்று வந்தால் வாசலிலேயே நிற்க வைப்பேன். போன தடவை அப்படித்தான் வந்தீர்கள். வீட்டில் கருவாடும் ரசமும் தவிர ஒன்றுமில்லை. நீங்கள் போன பிறகு உங்கள் மச்சான் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். "என் பொஞ்சாதியோட அண்ணன் வந்து கருவாடு தின்னுட்டுப் போனார்னு வெளியில தெரிஞ்சா நான் எங்க மூஞ்சிய வைக்கிறது" என்று இரண்டு நாள் முணுமுணுப்பு. அதனால் தேதியை முன்னாடியே எழுதிவிடுங்கள். கடிதம் வந்ததும் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். பாசாருக்குப் போய் ஆட்டிறைச்சி வாங்குவது அவர்கள் பொறுப்பாம்.

மனுக் கொடுத்தவர்களில் என் பக்கத்து வீட்டுக் காமாரியாவும் உண்டு. ஆற்று முகத்துச் சேற்றில் சிப்பி தோண்டி விற்கிறவள். கால் இரண்டிலும் சிரங்கு. ஆலைத் தண்ணீரால்தான் என்கிறாள். மண்டோர் பெண்சாதியிடமே மண்டோருடைய ஆலையைப் பற்றிக் குறை சொல்கிறாள், நானும் உட்கார்ந்து கேட்கிறேன். நல்ல மனுஷி. அவளுக்காகவாவது தண்ணீரை ஒழுங்காகப் பாருங்கள்.

பெண் பேசுவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். முப்பத்திரண்டு வயதாகியும் ஒரு முகத்தையும் பார்க்காதவர் அதையெல்லாம் பேசக் கூடாது.

தங்கை,
நூர்ஜான்


தைப்பிங்,
20 ஆகஸ்டு 1935

அன்புத் தங்கைக்கு ஸலாம். சுகம். அங்கும் சுகம்தானே.

நீ கட்டிக் கொடுத்த நெய்ச்சோறு பிறை ஸ்டேஷனில் ரயில் ஏறும் முன்பே தீர்ந்துவிட்டது. இறைச்சி ஆணத்தைப் பற்றி எழுதினால் கடிதத்தில் எச்சில் விழும், விட்டுவிடுகிறேன். மச்சான் பெர்ரிக் கரைக்கே வந்து ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டதை என்னால் மறக்க முடியாது. ஒரு மண்டோர் அப்படித் தூக்க வேண்டுமா?

தண்ணீரைக் கேட்டால் ஆச்சரியம். ஆலை வாய்க்காலுக்குக் கீழே எடுத்த போத்தலும் மேலே எடுத்த போத்தலும் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருக்கின்றன. போன மாதமும் இப்படித்தான் இருந்தது. சொல்லப்போனால் பன்றிக் கொட்டகைப் பக்கம்தான் கொஞ்சம் மோசம். கம்போங் மக்கள் ஏன் மனுக் கொடுத்தார்கள் என்று துரை கேட்கிறார். எனக்கும் விளங்கவில்லை. நம் வேலை தண்ணீர் எடுப்பது, அதைச் சரியாகச் செய்கிறேன்.

அடுத்து செப்டம்பர் 12, வியாழக்கிழமை வருகிறேன். இந்த முறை கத்திரிக்காயும் போடு.

நானா


ஜெலுத்தோங்,
2 அக்டோபர் 1935

அருமை நானாவுக்கு ஸலாம். இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தேன், இப்போது எழுந்துவிட்டேன். பதில் தாமதமானதற்குக் கோபிக்க வேண்டாம்.

நீங்கள் வருகிற நாள் எனக்குப் பெருநாள். மற்ற நாளெல்லாம் ஆலை இயந்திரம் காதுக்குள் ஓடுகிற மாதிரி இரைந்துகொண்டிருக்கும். பேசினால் கத்தித்தான் பேச வேண்டும். நீங்கள் வரும் நாளில் பாருங்கள், அது கூட மரியாதையாக வாயை மூடிக்கொள்கிறது. உங்கள் மச்சானும் பகலிலேயே வந்து நம்மோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வேலை நாளில் பகல் சோற்றுக்கு வீட்டுக்கு வந்ததே இல்லை. உங்கள் மேல் அவ்வளவு பிரியம்.

காமாரியாவும் ஒவ்வொரு தடவையும் "உன் அண்ணன் எப்ப வர்றார்?" என்று கேட்கிறாள். நீங்கள் வரும் நாளில் ஆற்றுத் தண்ணீர் தெளிந்திருக்கிறதாம். கம்போங் பெண்கள் அழுக்குத் துணியை அந்த நாளுக்கென்று சேர்த்து வைக்கிறார்கள். என் அடுப்பில் இறைச்சி வாசம் வந்தால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். உங்கள் கால் ராசி அப்படி என்று சொல்லிவிட்டேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால் ராசியில் அவர்களுக்கு நம்பிக்கை இல்லையோ என்னவோ.

அடுத்த தேதியை எழுதுங்கள்.

நூர்ஜான்


தைப்பிங்,
18 நவம்பர் 1935

அன்புத் தங்கைக்கு ஸலாம். உன் காய்ச்சல் திரும்ப வரவில்லையே?

என் கால் ராசியைப் பற்றி ஆப்பீசில் சொன்னேன், நன்றாகச் சிரித்தார்கள். ஆனால் அந்த ராசி உன்னையும் என்னையும் பிரித்துவிடும் போலிருக்கிறது. இத்தனை மாதமும் தண்ணீர் சுத்தமாக இருப்பதால், மார்ச்சு வரைக்கும் பார்த்துவிட்டு இந்தச் சோதனையையே நிறுத்திவிடலாம் என்கிறார் துரை. ஆலையில் இன்னும் இரண்டு இயந்திரம் போட அனுமதி கேட்டிருக்கிறார்கள். நம் கணக்கைக் காட்டி அதையும் கொடுத்துவிடுவார்கள். மச்சானுக்குச் சம்பளம் கூடுமே என்று நானும் சந்தோஷப்பட்டேன். காமாரியாவிடம் வருத்தம் வேண்டாம் என்று சொல். போத்தல் பொய் சொல்லாது.

நோன்பு வருகிறது. நோன்பில் உனக்குச் சிரமம் தர மாட்டேன். சஹர் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி, தண்ணீரை எடுத்துக்கொண்டு, நோன்பு திறப்பதற்குள் தைப்பிங் திரும்பிவிடுவேன். நீ சமைக்க வேண்டியதில்லை என்பதால் தேதியும் எழுதவில்லை. பெருநாளுக்குப் பிறகு வந்து சேர்த்துச் சாப்பிடுகிறேன்.

நானா


தைப்பிங்,
14 டிசம்பர் 1935

நூர்ஜானுக்கு ஸலாம். நான் சுகம்.

புதன்கிழமை வந்திருந்தேன். ஆலை வாய்க்காலில் இருந்து விழுந்தது தண்ணீரே இல்லை. சாம்பல் நிறத்தில் கெட்டியாக, மேலே வெள்ளையாக நுரை கட்டி விழுந்துகொண்டிருந்தது. அழுகிய முட்டை நாற்றத்தில் நோன்போடு குமட்டிக்கொண்டு வந்தது, கரையில் உட்கார்ந்துவிட்டேன். கடல் முகம் வரை அப்படியேதான். சின்ன மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு ஒதுங்கியிருந்தன. சேற்றில் நின்ற பெண்களில் ஒருத்தி என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். அதுதான் காமாரியாவாக இருக்க வேண்டும்.

ஆப்பீசில் சோதித்தேன். அந்தப் போத்தலில் காற்று என்பதே இல்லை. துரை நம்பவில்லை. இத்தனை நல்ல போத்தலுக்கு நடுவில் ஒன்று கெட்டது என்றால் போத்தல்தான் அழுக்காக இருந்திருக்கும் என்கிறார். நான்தான் கழுவினேன், எனக்குத் தெரியும்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அன்று ஆலை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. உன் வீட்டில் நான் சாப்பிட்ட எந்த நாளிலும் ஏன் அது ஓடவில்லை?

ஜபருல்லா


ஜெலுத்தோங்,
9 ஜனவரி 1936

மதிப்பிற்குரிய மச்சான் ஜபருல்லா அவர்களுக்கு சுலைமான் ஸலாம் கூறி எழுதிக்கொண்டது. நாங்கள் அனைவரும் நலம். பெருநாளன்று கப்பித்தான் பள்ளியில் தொழுதுவிட்டு உங்களுக்காக துஆச் செய்தேன். நூர்ஜானுக்குக் கையில் சுடுதண்ணீர் பட்டுவிட்டபடியால் அவளால் எழுத முடியவில்லை. பெரிதாக ஒன்றுமில்லை, நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

ஆலையைப் பற்றி அவளிடம் கேட்டிருந்தீர்கள். பொம்பளைகளுக்கு என்ன தெரியும். இயந்திரம் என்றால் அவ்வப்போது நிறுத்திக் கழுவத்தான் வேண்டும். அது நீங்கள் வந்த நாளாக அமைந்துபோனது. நோன்பு மாதத்தில் வேலை அதிகம், அழுக்கும் கொஞ்சம் கூடியிருக்கும்.

மச்சான், ரப்பர் விலை விழுந்த காலத்தில் இந்த ஆலை எட்டு மாதம் பூட்டிக் கிடந்தது உங்களுக்குத் தெரியும். அப்போது உங்கள் தங்கை காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தாள். இன்றைக்கு அதை நம்பி நாற்பது குடும்பம் சோறு தின்கிறது. நான் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

நீங்கள் வழக்கம்போல் தேதியை எழுதுங்கள். வழக்கம்போல் எழுதினால் போதும். நல்ல கிடாய் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
சுலைமான்


தைப்பிங்,
15 ஜனவரி 1936

அன்புத் தங்கை நூர்ஜானுக்கு ஸலாம். உன் கைக்காயம் ஆறிவிட்டதா? பெருநாளுக்கு உன் கடிதம் வராதது இதுதான் முதல் தடவை.

மச்சானுடைய கடிதம் கிடைத்தது. விளங்க வேண்டியது விளங்கிவிட்டது. ஆட்டிறைச்சிக்காக நான் எழுதின தேதி, பாசாருக்குப் போகும் வழியில் ஆலைக்கும் போயிருக்கிறது. அன்றைக்கு இயந்திரத்தை நிறுத்தி, மதகை அடைத்து, அழுக்கைப் பின்னால் குட்டையில் தேக்கி வைத்திருக்கிறார்கள். நான் நெய்ச்சோறு தின்றுவிட்டு, ஆறு சுத்தம் என்று சர்க்காருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். உன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. உனக்குத் தெரிந்திருக்காது.

துரையிடம் பேசினேன். ஆளைச் சொல்லவில்லை, தேதி முன்னாடியே தெரிந்துவிடுகிறது என்று மட்டும் சொன்னேன். இனி யாருக்கும் தெரியாமல் எடுத்து, தொடர்ந்து மூன்று மாதம் தண்ணீர் கெட்டிருந்தால் சோதனையை நிறுத்த மாட்டேன், புது இயந்திரமும் கிடையாது என்கிறார். அதற்கு நான் உனக்குத் தேதி எழுதக் கூடாது. உன் வீட்டுக்கு வரவும் கூடாது. ஆனால் விஷயம் வெளியே வந்தால் ஆலை முதலாளி தவுக்கே மச்சானைத்தான் பிடிப்பார்.

ஒரு பக்கம் உன் அடுப்பு. ஒரு பக்கம் அந்தப் பெண்களின் கிணறு. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இந்த மாதம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு இருக்கிறேன். நீ தேதி எழுது என்றால் எழுதுகிறேன். வேண்டாம் என்றால் எழுதவில்லை. நீ சொல்.

நானா


ஜெலுத்தோங்,
24 ஜனவரி 1936

நானா அவர்களுக்கு நூர்ஜான் ஸலாம். என் கைக்கு ஒன்றுமில்லை. சுடுதண்ணீரும் படவில்லை. என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் எழுதவில்லை.

எனக்குத் தெரிந்திருக்காது என்று எழுதியிருந்தீர்கள். முதலில் தெரியாது. அக்டோபரில் உங்களுக்குக் கால் ராசி என்று எழுதிவிட்டுப் படுத்தவள், காமாரியா பார்த்த பார்வையை நினைத்து நினைத்துத் தூங்கவில்லை. அடுத்த நாளே அவளிடம் போய்க் கேட்டேன். "உன் வீட்டுக்காரர் இறைச்சிப் பையோட ஆலைக்குள்ள போறது எங்க எல்லாருக்கும் தெரியும் லா, உனக்குத்தான் தெரியாது" என்றாள். தெரிந்த பிறகும் அந்த மாதக் கடிதத்தை உங்கள் மச்சானிடம் நான்தான் எடுத்துக் காட்டினேன். நவம்பரில் நீங்கள் தின்ற ஆணத்தை எப்படிச் சமைத்தேன் என்று எனக்கே தெரியாது.

உங்கள்மேல் எனக்குக் கோபம். நீ சொல், நீ சொல் என்று என் தலையில் ஏன் வைத்தீர்கள்? படித்தவர் நீங்கள், போத்தல் உங்களுடையது. எழுது என்றால் காமாரியா முகத்தில் எப்படி விழிப்பேன், வேண்டாம் என்றால் என் புருஷன் முகத்தில் எப்படி விழிப்பேன்? இரண்டு முகமும் எனக்குத் தினமும் வேண்டிய முகம்.

சரி, கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். தேதி எழுதாதீர்கள். என் வாசலுக்கும் வராதீர்கள். காமாரியாவின் சின்னப் பிள்ளைக்கும் இப்போது உடம்பெல்லாம் சிரங்கு. அந்தத் தண்ணீரில்தான் குளிப்பாட்டுகிறாள், வேறு எங்கே போவாள்.

இதைத் தபாலில் போடச் சொல்லி உங்கள் மச்சானிடமே கொடுக்கப் போகிறேன். உறையை ஒட்டவில்லை. படித்துவிட்டுப் போட்டால் போடட்டும், கிழித்தால் கிழிக்கட்டும். அவர்களுக்குத் தெரியாமல் நான் ஒன்றும் செய்ய மாட்டேன்.

நூர்ஜான்


தைப்பிங்,
20 மே 1936

அன்புத் தங்கைக்கு ஸலாம். சுகமாயிருக்கிறாயா? மச்சான் எப்படி இருக்கிறார்கள்?

ஜனவரியில் நீ எழுதின கடிதம் பிப்ரவரி நடுவில்தான் வந்தது. உறை நான்காக மடிந்து, வேர்வை பட்டு மை கலங்கியிருந்தது. அத்தனை நாளும் மச்சான் சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது என்று புரிந்துகொண்டேன். உறையை அழுத்தி ஒட்டியிருந்தார்கள்.

உடனே பதில் எழுதக் கை துடித்தது. எழுதினால் நீ சொன்னதை மீறினதாகும் என்று இருந்துவிட்டேன். பிப்ரவரி, மார்ச்சு, ஏப்ரல் மூன்று மாதமும் ஒரே கிழமையில் வராமல் மாற்றி மாற்றி வந்து எடுத்தேன். மூன்றும் டிசம்பர் மாதிரியே இருந்தன. முந்தைய கணக்கில் பாதியைத் தள்ளிவிட்டார்கள். என் பெயரில் ஒரு கரும்புள்ளி உண்டு, அது கிடக்கட்டும். ஆலைக்குப் புது இயந்திரம் கிடையாது. கழிவைத் தேக்கித் தெளியவைக்கக் குளம் வெட்டின பிறகுதான் ஆற்றில் விடலாம் என்று உத்தரவு. கம்போங்குக்குக் குழாய்த் தண்ணீர் போடவும் எழுதியிருக்கிறார்கள்.

இன்னொன்று. அவர்கள் ஒழுங்காக நடக்கிறார்களா என்று பார்க்க, சோதனையை மேலும் இரண்டு வருஷம் நீட்டியிருக்கிறார்கள். நான்தான் எடுக்க வேண்டும். மாதாமாதம் உன் வீட்டுப் பின்பக்கம் வருவேன், உன்னைப் பார்க்க முடியாது. இதை நல்ல செய்தி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுத எழுத அப்படித் தோன்றவில்லை.

மச்சானுக்கு ஏதும் தொந்தரவு வந்ததா? மறைக்காமல் சொல்.

நானா


ஜெலுத்தோங்,
2 ஜூன் 1936

என் அருமை நானாவுக்கு நூர்ஜான் ஸலாம். நாங்கள் சுகம். முழங்கை வலிக்குக் காமாரியா ஏதோ பச்சிலை வைத்துக் கட்டினாள், தேவலை. அவள் பிள்ளைக்கும் சிரங்கு காய்ந்து வருகிறது.

மறைக்காமல் சொல்லச் சொன்னீர்கள். பிப்ரவரியில் நீங்கள் வந்த அன்று நான் உங்களைப் பார்த்தேன். அடுக்களைச் சன்னல் வழியாக, மேலே தோட்டத்துப் பக்கம் குனிந்து போத்தல் நிரப்பிக்கொண்டிருந்தீர்கள். இளைத்துப் போயிருந்தீர்கள். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு குரல் கொடுத்தால் கேட்டிருக்கும். வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

திரும்பினால் பின்னாடி உங்கள் மச்சான் நிற்கிறார்கள். இடுப்புப் பிடிப்பு என்று அன்று வேலைக்குப் போகவில்லை. அவர்களும் உங்களைப் பார்த்துவிட்டார்கள். ஆணியில் இருந்த சட்டையை எடுத்துப் போட்டார்கள். நீங்கள் வாய்க்காலுக்கு நடந்து போவதற்குள் குறுக்கே போய் மதகை அடைத்திருக்கலாம். நான் தடுக்கவில்லை. வாசல் வரை போனார்கள், வானத்தைப் பார்த்தார்கள். "மழை வரும் போல இருக்கு. மச்சான் கொடை கொண்டுவந்த மாதிரி தெரியலையே" என்றார்கள். அப்புறம் உள்ளே வந்து உட்கார்ந்து சோறு கேட்டார்கள்.

மார்ச்சில் தவுக்கே கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார், உன் மச்சான் வந்தது உனக்கு எப்படித் தெரியாமல் போகும் என்று. "எங்களுக்குள்ள போக்குவரத்து இல்லை. தங்கச்சிய வந்து பார்க்கிறதே இல்லை" என்று சொல்லிவிட்டு வந்தார்கள். மண்டோர் வேலை போய்விட்டது. இப்போது ரப்பர் காயவைக்கும் கொட்டகையில் கூலிக்கு நிற்கிறார்கள். ஒரு நாளும் உங்களைக் குறை சொல்லவில்லை, என்னையும் சொல்லவில்லை. பேச்சுத்தான் குறைந்துவிட்டது.

அவர்கள் சொன்ன வார்த்தை ஜெலுத்தோங் முழுக்கப் பரவிவிட்டது. போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நாலு பெரியவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். கூடப்பிறந்தவர்கள் இப்படி முகம் பாராமல் இருப்பது ஆகாது, நாங்கள் தைப்பிங் போய் உன் நானாவைக் கூட்டி வருகிறோம், ஒரு வேளை சோறு போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். நல்ல மனசோடுதான் வந்தார்கள். நீங்கள் வந்து என் வீட்டில் சோறு தின்றால் உங்கள் போத்தலை அப்புறம் யார் நம்புவார்கள்?

உங்கள் மச்சான் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான்தான் திரைக்குப் பின்னால் இருந்து சொன்னேன், என் நானாவைக் கூப்பிட வேண்டாம், அவரை நான் பார்க்க விரும்பவில்லை என்று. அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது. அடக்க முடியவில்லை, சத்தமாகவே அழுதேன்.

பொய் சொன்னால் கண்டுபிடிக்கக்கூடிய மனுஷர்கள்தான் அவர்கள். அழுததைக் கேட்டு நம்பிவிட்டார்கள், மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் எழுந்து போனார்கள்.

இந்தக் கடிதத்தைக் காமாரியா டவுனில் போய்ப் போடுகிறாள். இனி இரண்டு வருஷத்துக்கு நீங்களும் எழுத வேண்டாம். தண்ணீரை ஒழுங்காகப் பாருங்கள். வரும்போது குடை கொண்டு வாருங்கள்.

வஸ்ஸலாம்.

உங்கள் தங்கை,
நூர்ஜான்